சிங்கத்தின் காலடி போதும்

மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: “ஓகஸ்ட் விடுமுறையில் ஒரே நாளில் சிகிரியா போய்வர நினைக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்றரை. மாமியும் வருவா, அவவுக்கு முழங்கால் வருத்தம். வேன் பிடித்தாயிற்று. போன வருடம் அயலில் ஒரு குடும்பம் போய், பாதி மலையில் பிள்ளை அழுது, வெயிலில் வாந்தியும் எடுத்து, எதையும் பார்க்காமல் திரும்பி வந்தது. குளவி கொட்டும் என்றும் சொல்கிறார்கள். பிள்ளைகளைக் கொண்டு போகலாமா, கொண்டுபோனால் எப்படி?”

அன்புச் சகோதரிக்கு,

போகலாம். சிகிரியா ஒரு பெரும்பாறையின் மேல் கட்டிய பழைய கோட்டை. ஆனால் உச்சிக்குப் போவதுதான் பயணம் என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுப் புறப்படாதீர்கள். உங்கள் அயல் குடும்பத்துக்கு நடந்தது பெரும்பாலும் அதுதான். பெரியவர்கள் உச்சியைக் குறிவைத்து நடப்பார்கள், பிள்ளை பாதியிலேயே களைத்துப் போகும். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லும் எல்லை, உச்சிக்குக் கீழே கட்டிய சிங்கத்தின் பாதங்கள் இருக்கும் மேடை. மகள் அதற்கு மேலே ஏற வேண்டாம். மகனை ஒரு பெரியவர் மட்டும் மேலே கூட்டிக்கொண்டு போகலாம், அதுவும் அன்றைய அவனுடைய நிலையைப் பார்த்து.

முதலில் கால் கணக்கு. உச்சி வரை ஏறக்குறைய 1,200 படிகள். மாடிக்கு இருபது படி என்று வைத்தால் அறுபது மாடி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மணலிலும் வாவிக்கரையிலும் ஓடித் திரிகிறவர்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை எங்கும் தரை சமம், படியேறிப் பழக இடமில்லை. அவர்கள் நன்றாக ஓடுவார்கள், ஆனால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேறு தசைகள் வேலை செய்யவேண்டும். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்தே மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டில் மகனை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பத்துத் தடவை, நடுவில் தண்ணீர் குடித்து, சிணுங்காமல் முடித்தான் என்றால் அவனால் சிங்க மேடையைத் தொடமுடியும். இறங்கும்போது கால் நடுங்குகிறதா என்று கவனியுங்கள். மலையில் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் ஏறும்போது அல்ல, தொடை களைத்து இறங்கும்போதுதான்.

அடுத்தது நேரம். ஆரையம்பதியில் இருந்து வாழைச்சேனை, ஓட்டமாவடி, புணாணை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, மின்னேரியா, ஹபரணை, பிறகு தம்புள்ளை வீதியில் இனாமலுவைச் சந்தியால் இடப்பக்கம் திரும்பினால் சிகிரியா. சுமார் 165 கிலோமீற்றர். வேனில், ஒரு தரிப்போடு, மூன்றேகால் மணித்தியாலம் பிடியுங்கள். வெயிலுக்கு முந்தவேண்டும் என்று சிலர் இரவு இரண்டு மணிக்கே புறப்படுகிறார்கள். அது வேண்டாம். புணாணைக்கும் மன்னம்பிட்டிக்கும் இடையிலும், மின்னேரியா ஹபரணைக் காட்டு வீதியிலும் இருட்டில் யானை குறுக்கே நிற்கும். காலை நாலரைக்கு வீட்டுப் படியிறங்கினால் புணாணையைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்துவிடும். ஆறரை மணி அளவில் பொலன்னறுவைக்குச் சற்று முன்னே கதுருவெலையில் ஒரு தேத்தண்ணிக்கு நிறுத்துங்கள், எல்லாரும் மலசலகூடம் போகட்டும். எட்டு மணிக்கு முன்னே சிகிரியாவில் நிற்பீர்கள்.

ஏன் எட்டு மணி என்று கேட்டால், ஓவியங்களும் கண்ணாடிச் சுவரும் பாறையின் மேற்கு முகத்தில் இருக்கின்றன. காலையில் அந்தப் பக்கம் முழுவதும் நிழல். மதியம் திரும்பிவிட்டால் அதே முகத்தில் வெயில் நேரே அடிக்கும், சூடேறிய பாறையும் அனலைத் திருப்பி வீசும். குள்ளமான பிள்ளைக்குப் பாறை இன்னும் கிட்ட, எங்களைவிட அதிகம் சுடும். காலை எட்டு மணிக்கு ஏறும் குடும்பமும் பதினொன்றரைக்கு ஏறும் குடும்பமும் ஒரே மலையை ஏறுவதில்லை.

கிழமை நாளாகப் பாருங்கள், செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது. போயா என்னும் முழுநிலா விடுமுறையிலும் சனி ஞாயிறிலும் ஒடுக்கமான இரும்புப் படிகளில் வரிசை அப்படியே நின்றுவிடும். ஏறிக்கொண்டே இருந்தால் பிள்ளை சமாளிக்கும். ஒரு படியில் கால் மணி நேரம் அந்தரத்தில் நிற்கச் சொன்னால்தான் பயப்படும், மூத்திரம் வரும், அழும்.

உள்ளே போனதும் நீண்ட நேர்ப் பாதை. இரண்டு பக்கமும் நீர்ப்பூங்கா, எதிரே பாறை. சுற்றியுள்ள சமவெளியில் இருந்து ஏறக்குறைய 180 மீற்றர் உயரத்துக்கு நிற்கும் அந்தப் பாறையைப் பார்த்ததும் பெரியவர்கள் நடையை எட்டிப்போடுவார்கள். ஒரு பத்து நிமிடம் நிதானியுங்கள். சிறு பிள்ளைகளுக்குச் சிகிரியாவில் மிக நல்ல இடம் இந்தத் தரைப் பகுதிதான் என்பது என்னுடைய உறுதியான எண்ணம். வளைந்தோடும் ஆழமில்லாத கால்வாய்களின் பக்கத்தில் வட்டமான சுண்ணக்கல் பலகைகள் பதித்திருக்கும். குந்தியிருந்து பார்த்தால் பலகையில் ஒழுங்காகத் துளைத்த சிறு சிறு ஓட்டைகள் தெரியும். அவை நீரூற்றுகள். உயரத்தில் தேங்கிய தண்ணீர் நிலத்தடிக் குழாயால் இறங்கி, அந்த அழுத்தத்தாலேயே ஓட்டை வழியாகப் பீறும், மோட்டர் எதுவும் கிடையாது. ஐந்தாம் நூற்றாண்டில் அமைத்தவை, நல்ல மழைக்காலத்தில் இன்றைக்கும் நீர் எழும்பும். ஓகஸ்டில் வறண்டிருக்கும் என்பதால் மகனிடம் ஓட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு போத்தல் மூடியில் ஊசியால் துளைபோட்டு அழுத்திக் காட்டிவிட்டு வந்தீர்கள் என்றால், அந்தக் கல்லைப் பார்த்தவுடன் அவனுக்கே விளங்கிவிடும்.

மாமிக்கும் இந்தப் பகுதியே போதும். பாதை அகலம், சமதரை, மரநிழல் உண்டு. ஒரு பாயும் ஒரு போத்தல் தண்ணீரும் கொடுத்து விட்டுவிட்டுப் போகலாம். நுழைவாயிலுக்குக் கிட்ட அருங்காட்சியகமும் இருக்கிறது. ஒன்றை மட்டும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள்: ஏறுபவர்கள் வந்த வழியால் திரும்புவதில்லை. இறங்கும் பாதை நாகபடம் போல விரிந்த குகைப்பாறையின் பக்கமாகப் போய், தெற்கே வேறொரு வாகனத் தரிப்பிடத்தில் கொண்டுபோய் விடும். இது தெரியாமல் சாரதி முன்வாசலில் நிற்க, குடும்பம் பின்வாசலில் நிற்க, நடு மத்தியானத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுற்றி நடப்பவர்கள் எத்தனையோ பேர். பதினொன்றரைக்கு மாமியை ஏற்றிக்கொண்டு வெளியேறும் தரிப்பிடத்துக்கு வந்து நிற்கும்படி சாரதியிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

பூங்கா முடிந்ததும் பெரும்பாறைகளுக்கு நடுவே படிகள் தொடங்கும். இரண்டு பாறைகள் தலை சாய்த்து முட்டிக்கொண்டு வாசல் போல நிற்கும் இடம் வரும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். மகளைத் தோளில் ஏற்றியிருந்தால் அங்கே கட்டாயம் இறக்குங்கள், தலை பாறையில் மோதும். பொதுவாகவே இந்த மலையில் பிள்ளையைத் தோளில் வைப்பது பிழை. இரும்புப் படியின் கைபிடி பெரியவரின் இடுப்பளவுதான், தோளில் இருக்கும் பிள்ளைக்குத் தடுப்பே இல்லை. இடுப்பில் தூக்கினால் உங்களுக்கு ஒரு கை போய்விடும், கால் வைக்கும் படியும் தெரியாது. மூன்றரை வயதுப் பிள்ளை பதின்மூன்று, பதினான்கு கிலோ இருக்கும். முதுகில் கட்டும் பிள்ளைப் பை யாரிடமாவது இரவல் கிடைத்தால் வாங்குங்கள், முன்கூட்டி ஒரு நாள் கோயிலடி வரை கட்டி நடந்து பாருங்கள். கிடைக்காவிட்டால் மகள் தன் காலால் ஏறும் தூரம்தான் அவளுடைய பயணம், அதோடு ஒரு பெரியவர் அவளோடு திரும்பவேண்டும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் பெரியவர் பிள்ளைக்குக் கீழ்ப் படியில் இருக்கவேண்டும். ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால். கையைப் பிடித்து மேலிருந்து இழுத்துக்கொண்டு போனால், பிள்ளை சறுக்கும் நேரத்தில் தோள் மூட்டு இழுபடும், பாரத்தைத் தாங்கவும் யாரும் இல்லை. செங்குத்தான படியில் மகள் பயந்தால், ஏணியில் இறங்குவது போலப் பின்பக்கமாகத் தவழ்ந்து இறங்கட்டும், தவறே இல்லை.

ஓவியக் குகைக்குப் போவது ஒரு சுருள் படிக்கட்டால். சுற்றிச் சுற்றி ஏறும்போது கீழே தரை தெரியும், சில பிள்ளைகள் நடுவில் உறைந்துபோய் நிற்பார்கள். பின்னால் ஆட்கள் வரும்போது திரும்பவும் முடியாது. அதனால் தாயும் தகப்பனும் மாறி மாறிப் போய்ப் பாருங்கள், பிள்ளைகள் கீழே தண்ணீர் குடித்து இளைப்பாறட்டும். மகன் விரும்பினால் ஒருவர் கூட்டிப் போகலாம். குகைக்குள் படமெடுக்கத் தடை. அதற்கடுத்த கண்ணாடிச் சுவர் பிள்ளைகள் சுகமாக நடக்கக்கூடிய பாதை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சுவர். பல நூற்றாண்டுகளாக வந்துபோனவர்கள் கீறி எழுதிய கவிதைகள் அதில் இருக்கின்றன, தொடக்கூடாது. மகனுடைய சட்டைப்பையில் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று முன்னரே பார்த்துவிடுங்கள்.

பிறகு சிங்க மேடை. சிங்கத்தின் தலை எப்போதோ விழுந்துவிட்டது. செங்கல்லும் சாந்தும் சேர்த்துக் கட்டிய இரண்டு முன் பாதங்கள்தான் மிச்சம். ஒவ்வொரு நகமும் பிள்ளையைவிடப் பெரிது. காசியப்ப மன்னன் காலத்தில், 477 முதல் 495 வரை, இந்தக் கோட்டைக்குள் போகிறவர்கள் சிங்கத்தின் வாய்க்குள்ளால்தான் மேலே ஏறினார்கள். சிங்ககிரி என்ற பெயரே சிகிரியா ஆனது. அந்த மன்னன் தகப்பனைக் கொன்று அரசெடுத்த கதையை ஆறு வயதுக்குச் சொல்ல அவசரமில்லை, சிங்கத்தின் வாய்க்குள்ளே படிக்கட்டு இருந்தது என்பதே அவனுக்குப் போதும். நகத்தோடு நிற்கவைத்து ஒரு படம் எடுங்கள். மகளுக்குப் பயணத்தின் உச்சி இதுதான் என்று வீட்டிலேயே சொல்லி வைத்தால் “இன்னும் மேலே” என்று அழமாட்டாள். சிங்கத்தைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள், மலை ஏறப் போகிறோம் என்று சொல்லவே வேண்டாம்.

மேடைக்கு வரும்போது மணி பத்தைத் தாண்டியிருந்தால் யாரும் மேலே போகவேண்டாம். பத்துக்கு முன் வந்து, மகன் கேட்காமலே துள்ளிக்கொண்டு நின்றால், தகப்பனோடு போகட்டும். மிச்சப் படிகள் இரும்பு, ஒடுக்கம், காற்று. ஓகஸ்டில் எங்கள் பக்கம் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் அங்கேயும் மேலே காற்று பலமாக வீசும். நாடா கட்டாத தொப்பி பறக்கும், அதை எட்டிப் பிடிக்கத்தான் பிள்ளை கையை விடும். குடை வேண்டவே வேண்டாம். உச்சியில் சுமார் 1.6 ஹெக்டெயர் பரப்பில் மாளிகை அடித்தளங்களும் பாறையில் குடைந்த குளமும் இருக்கின்றன. விளிம்பை அண்டிய இடங்களில் சுவர் தாழ்வு, ஓடவிடாதீர்கள். இருபது நிமிடம் போதும்.

குளவி பற்றிய பயம் நியாயமானது. அங்கே பாறையின் மேலிடுக்குகளில் பெருந்தேனீயும் குளவியும் கூடு வைத்திருக்கின்றன. சத்தம் போடவேண்டாம் என்று அறிவிப்புப் பலகைகளே உண்டு. சிங்க மேடையில் ஒதுங்குவதற்கு வலையடித்த கூடாரமும் வைத்திருக்கிறார்கள், மேடைக்கு வந்தவுடன் அது எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விசில், பலூன், ஊதுகுழல் எதையும் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். அன்றைக்கு வாசனைத் திரவியமும் மணக்கும் பவுடரும் பூசவேண்டாம். மெல்லிய பருத்திப் போர்வை ஒன்று உங்கள் பையின் மேல்பகுதியில் இருக்கட்டும். தேனீ கிளம்பினால் கையை வீசி அடிக்காதீர்கள், நசுங்கிய தேனீயின் மணம் மற்றவற்றையும் கூப்பிடும். பிள்ளையின் தலையையும் முகத்தையும் போர்வையால் மூடி, வலைக்குள்ளோ கீழேயோ போய்விடுங்கள். கொட்டிய இடத்தில் தேனீயின் கொடுக்கு நின்றால் நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள், அது நிற்கும்வரை நஞ்சு இறங்கும். குளிர்ந்த துணி வையுங்கள். உதடு, கண் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, உடம்பெங்கும் தடித்தாலோ காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்சை அழையுங்கள். கிட்டிய பெரிய ஆஸ்பத்திரி தம்புள்ளையில். பிள்ளைக்கு முன்பு எப்போதாவது கொட்டிக் கடுமையாக வீங்கியிருந்தால், வைத்தியரிடம் கேட்காமல் இந்தப் பயணம் வேண்டாம்.

பாறையில் கடையும் இல்லை, மலசலகூடமும் இல்லை. ஏறுகிறவர்களுக்கு மகன் ஒரு லீற்றர், மகள் முக்கால் லீற்றர், பெரியவர் ஒவ்வொருவரும் ஒன்றரை லீற்றர் என்று தண்ணீர் எடுங்கள். தாகம் என்று பிள்ளை சொல்லும்வரை பார்த்திராமல் கால் மணிக்கு ஒரு தடவை நாலைந்து மிடறு கொடுங்கள். ஒரேயடியாக அரைப் போத்தல் குடித்து வெயிலில் ஏறினால் வாந்திதான். நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதி இரண்டு வேனில் இருக்கட்டும், பொதியில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய தண்ணீரில் முழுப் பொதியையும் கரைக்கவேண்டும், கண்ணளவுக்குப் பாதி போடக்கூடாது. முகம் சிவந்து, வியர்வை நின்று, பிள்ளை சோர்ந்து பேச்சுக் குறைந்தால் அதற்கு மேல் ஒரு படியும் ஏறாதீர்கள். நிழலில் இருத்தி, கழுத்தையும் கக்கத்தையும் நனைத்து விசிறுங்கள். தெளியும்வரை காத்திராமல் அதற்கும் உடனே 1990தான். மகள் பம்பஸ் விட்டிருந்தாலும் அன்று ஒருநாள் போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் பால்சொதியும் தேங்காய்ப்பால் கறியும் வேண்டாம், காலை நாலு மணிக்குக் கட்டியது வேனின் சூட்டில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். ரொட்டி, சீனிச்சம்பல், வாழைப்பழம், பிஸ்கட் போதும். வேன் ஓடும் நேரத்தில் எண்ணெய்ப் பலகாரம் கொடுக்காதீர்கள். மலையில் உணவைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவும் கூடாது, குரங்கு பிள்ளையின் கையில் இருந்துதான் முதலில் பறிக்கும். பறித்தால் விட்டுவிடுங்கள், திரும்பப் பிடுங்கப் போனால் கடிக்கும்.

சப்பாத்து பழையதாக, பின்னால் வார் உள்ளதாக இருக்கட்டும். பாட்டாச் செருப்பு மணல் படிந்த படியில் வழுக்கும், விடுமுறைக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்து குதிகாலைத் தேய்த்துக் கொப்புளம் போடும். பள்ளிக்கூடக் கன்வஸ் சப்பாத்தே நல்லது. பிள்ளையின் முழங்கைக்கு உட்பக்கம் உங்கள் தொலைபேசி எண்ணைப் பேனையால் எழுதிவிடுங்கள். கை தவறினால் தேடி ஓடாமல் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும் என்று பழக்குங்கள். பெரியவர்கள் எல்லாரும் தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், உள்நாட்டுச் சீட்டுக்கு அது வேண்டும்.

இதெல்லாம் கூடுதல் என்று தோன்றினால், அல்லது படிப் பரீட்சையில் மகன் களைத்துப் போனால், இந்த வருடம் திருகோணமலைக்குப் போங்கள். அதுவும் குன்றின் மேல் கோட்டைதான். 1624இல் போர்த்துக்கேயர் கட்டியது, பிறகு ஒல்லாந்தர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் போய் பிரெட்ரிக் கோட்டை ஆனது. வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகப் போனால் தூரமும் குறைவு, வழியில் பாலங்களும் கடலும் பார்த்துக்கொண்டே போகலாம். கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை தார்வீதி, வாகனமும் ஏறும், மாமியும் வரலாம். உள்ளே புள்ளிமான்கள் மேயும். மூன்றரை வயதுக்கு அது சிகிரியாவைவிடப் பெரிய சந்தோஷம். நடை சாத்துவதற்கு முன்னே போய்ச் சேரப் பாருங்கள். கோயிலடியில் செருப்பைக் கழற்றினால் தரை சுடும், பிள்ளைகளுக்கு ஒரு சோடி தடித்த காலுறை கொண்டுபோங்கள். குன்றின் விளிம்பில் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவின் பக்கம் மட்டும் கையை விடாதீர்கள்.

சிகிரியாதான் என்று முடிவானால் திரும்புவது பற்றி ஒன்று. வந்ததோடு வந்து பக்கத்துப் பாறையான பிதுரங்கலையையும் ஏறுவோம், தம்புள்ளைக் குகைக் கோயிலையும் பார்ப்போம், மின்னேரியாவில் யானையும் பார்ப்போம் என்று வேனுக்குள் பேச்சு எழும். பிதுரங்கலை உச்சிக்குக் கையூன்றிப் பாறை தாண்டவேண்டும், சிறு பிள்ளைக்கு ஏற்றதல்ல. யானை பார்க்கும் ஜீப் பயணம் பின்னேரம்தான் சரிவரும், அதை முடித்துப் புறப்பட்டால் வெலிக்கந்தைக் காடு முழு இருட்டில் வரும். பன்னிரண்டுக்குச் சாப்பிட்டு, பன்னிரண்டரைக்கு வேனை எடுங்கள். பிள்ளைகள் ஹபரணைக்கு முன்னே தூங்கிவிடுவார்கள், ஆசனப் பட்டியைக் கட்டிய பிறகே தூங்கவிடுங்கள், மடியில் அல்ல. இரண்டு மணி போலப் பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டில் அரை மணி நேரம் இறங்கிக் காற்று வாங்கலாம். சாரதிக்கும் அந்த அரை மணி நேரம் வேண்டும், நாலரையில் இருந்து விழித்திருப்பவர் அவர். அவரைச் சாப்பிட வைத்து, முகம் கழுவச் சொல்லி, அதற்குப் பிறகு மன்னம்பிட்டிப் பக்கம் எடுங்கள். ஐந்து மணிக்குள் ஆரையம்பதி வந்து சேரலாம்.